ராகு காலத்தில் ஒரு நட்சத்திரம்

எர்ணாவூர் எங்கே இருக்கிறது என்று மயிலாப்பூரில் கேட்டுப் பாருங்கள். ‘ஆந்திரா பார்டரா?’ என்பார்கள். அவ்வளவு தூரமெல்லாம் இல்லை. மெட்ரோ ரயிலில் ஏறி ஏ.ஸி.யில் ஒரு தூக்கம் போட்டு, ஒலிபெருக்கி அம்மணி ‘விம்கோ நகர்’ என்று எழுப்பும்போது இறங்கினால் போதும். 2021 பிப்ரவரியிலிருந்து இந்தச் சௌகரியம் இருக்கிறது. தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரே பேட்டையின் பெயராகிவிட்ட இடம் அது. அங்கிருந்து ஷேர் ஆட்டோ. டிரைவரின் வலது தொடையில் பாதியும் கம்பியில் பாதியுமாக உட்கார்ந்தால் எர்ணாவூர்.

நான் போனது டிசம்பர் முதல் வாரத்து ஞாயிற்றுக்கிழமை. கையில் ஒரு கட்டைப் பை. பை நிறைய எங்கள் ஆபீஸ் சர்க்குலர்கள். ‘நேரத்துக்கு வரவும்’, ‘மின்விசிறியை அணைக்கவும்’ வகையறா. ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து, ஒருவரும் படிக்காமல் விட்ட நாலு கிலோ. டெஸ்பாட்ச் செக்‌ஷன் நண்பர் எர்ணாவூர்வாசி. “எங்க பக்கத்துல ஒரு அக்கா பழைய பேப்பர்ல கிறிஸ்துமஸ் ஸ்டார் பண்ணுது சார். குடுத்தா பிரயோஜனப்படும்” என்று சொல்லியிருந்தார். சர்க்குலரால் பிரயோஜனமா! இதை நேரில் பார்க்க வேண்டாமா?

ஊரை ஒரு வரியில் சொல்வதானால், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கம்பெனி, நடுவில் கன்டெய்னர் லாரி. கரையோரம் கடல் அரிப்பைத் தடுக்கப் பாறாங்கல்லைக் கொட்டியிருக்கிறார்கள். தூண்டில் வளைவு என்று பெயர். மணலில் கால் நனைக்கலாம் என்று ஷூவைக் கழற்றினால் நனைக்க மணல் இருக்காது.

நண்பர் அழைத்துப் போனது சுனாமி குடியிருப்புக்கு. 2004-க்குப் பிறகு காசிமேடு, ராயபுரம் கரையோர ஜனங்களை முதலில் கார்கில் நகர் தற்காலிகக் கொட்டகையில் வைத்து, அப்புறம் கட்டிக் கொடுத்த அடுக்குமாடி வீடுகள். எல்லாம் ஒரே அச்சு. எந்த பிளாக், எந்த மாடி என்று சொந்தக்காரர்களே தடுமாறுவார்கள். டிசம்பரில் மட்டும் அந்தக் குழப்பம் இல்லை. வாசலில் தொங்கும் ஸ்டாரைச் சொன்னால் போதும்.

அக்கா வீடு இரண்டாவது மாடி. கூடத்தில் கால் வைக்க இடமில்லை. ஒரு சட்டியில் மைதாப் பசை. நீலமாக என்னவோ கலந்திருந்தது. மயில்துத்தமாம். போடாவிட்டால் கரப்பான் ஸ்டாரை வெட்டிவிடுமாம்.

என் பையைப் பிரித்து ஒரு தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இதுல வெளிச்சம் போவாது சார்.”

இருபது வருஷ சர்வீஸில் எங்கள் சர்க்குலர்களுக்குக் கிடைத்த சரியான விமர்சனம் இதுதான். போனால் போகட்டும் என்று சங்கிலித் தோரணம் செய்ய ஒதுக்கி வைத்தார். கல்யாணப் பத்திரிகைகள் தடிமன் என்பதால் மணி செய்ய. சிமென்ட் மூட்டைக் காகிதம் குடில் செய்ய. கசக்கி, கரித்தண்ணீர் தெளித்தால் அசல் பாறை.

ஸ்டாருக்கு? தினசரி காலண்டர்! மளிகைக் கடையில் இனாமாகத் தருகிறார்களே, காலையில் கிழித்துக் கசக்கி எறிகிறோமே, அதே தாள். மெல்லிசு. வெளிச்சம் தாராளமாகப் போகும். தன் வீட்டுத் தாள், பக்கத்து வீடுகளின் தாள் எல்லாம் வருஷம் பூராவும் சேர்த்து, மாதவாரியாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறார். ஒரு ஸ்டாருக்கு ஒரு மாதம் சரியாக இருக்கும்.

விளைவு? உள்ளே விளக்கைப் போட்டால், இயேசு பிறப்பை அறிவிக்கும் நட்சத்திரத்தில் ‘ராகு காலம் 4.30 - 6.00’ ஜொலிக்கிறது! ஒரு முனையில் எமகண்டம், இன்னொன்றில் மேஷத்துக்குச் செலவு, ரிஷபத்துக்குப் பயணம்.

“சாமியார் ஒண்ணும் சொல்லலையாக்கா?”

“இன்னா சொல்றது? ஸ்டாரைப் பாத்து வந்த மூணு பேரும் ஜோசியக்காரங்கதானே சார்.”

பேசாமல் உட்கார்ந்தேன்.

சட்டம் கட்டுவது பக்கத்து வீட்டுப் பெரியவர். அக்காவுக்கு மாமா முறை. ஒரு காலத்தில் ராயபுரத்தில் காத்தாடி செய்து விற்றவர். கண்ணாடித் தூள் மாஞ்சா பல கழுத்துகளை அறுத்து, போலீஸ் தடை போட்டு, 2017-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை செய்தபின் அந்தத் தொழில் போயிற்று. “மாஞ்சா தப்புதான் நைனா. குச்சி இன்னா தப்பு பண்ணிச்சு?” என்றார். மூங்கிலைக் காத்தாடிக்கு இழைப்பதுபோல் இழைத்து, இரண்டடிக் குச்சி ஐந்தைப் பின்னி ஒரு நட்சத்திரம். அதே அளவில் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் நூலால் கட்டி, நடுவே குச்சிகள் குறுக்கிடும் ஐந்து இடத்தில் நாலங்குலத் துண்டுக் குச்சிகளை முட்டுக் கொடுக்கிறார். தட்டையாய்க் கிடந்தது ‘டப்’பென்று வயிறு உப்பி எழுந்து நிற்கிறது. ஸ்கேல், காம்பஸ் எதுவும் கிடையாது. ஜெர்மனியில் நீஸ்கி என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தில் 1830-களில் பையன்களுக்கு ஜியோமிதி சொல்லித்தரக் காகித நட்சத்திரம் செய்யவைத்தார்களாம். பிலிப்பைன்ஸிலும் இதேபோல மூங்கில், காகிதம். அங்கே இதற்குப் பெயர் பரோல். (நம்மூர்ப் பரோல் வேறு.)

உப்புக்காற்றும் மார்கழிப் பனியும்தான் இங்கே எதிரிகள். காலையில் ஸ்டார் தொய்ந்து போகும், மத்தியானம் விறைக்கும். நாலே நாளில் கிழியும். அதற்கு அக்காவிடம் வைத்தியம், கோயிலில் எரிந்து மீந்த மெழுகுவர்த்தித் துண்டு. ஒட்டிக் காய்ந்த தாளின்மேல் அதைப் பரபரவென்று தேய்க்கிறார். அப்புறம் பனி வழிந்து ஓடிவிடுகிறது.

மெழுகு பூசிய காகிதத்துக்குள் பல்பா? நியாயமான பயம். முன்பெல்லாம் ‘ஸீரோ வாட்’ பல்பு போடுவோம். பெயர்தான் ஸீரோ. பன்னிரண்டு, பதினைந்து வாட் இழுத்துக்கொண்டு சூடேறும். காகித ஸ்டார்கள் பல அதில்தான் பொசுங்கின. பாரிமுனையில் பிளாஸ்டிக் ஸ்டார் குவிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது எல்.இ.டி. வந்து, சூடு பெரிதாக இல்லை. காகிதத்துக்கு மறுபடி நல்ல காலம்.

பன்னிரண்டு மாதக் கட்டுகளில் ஒன்றை எனக்காக எடுக்கச் சொன்னார். என் கைக்கு வந்தது போன வருஷத்து டிசம்பர். எண்ணிக் கொடுக்கலாமே என்று எண்ணினேன். முப்பது. மறுபடி எண்ணினேன். முப்பதுதான்.

“ஒண்ணு குறையுதேக்கா?”

“இருபத்தாறு இருக்காது சார்.”

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள் கிறிஸ்துமஸுக்குக் கட்டிய ஸ்டார் எல்லாம் கரையோரக் குடிசைகளில் தொங்கிக்கொண்டிருந்த காலை. அக்காவின் அண்ணன் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தாராம். அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பசையைக் கிண்டியபடி அவரே வேறு பேச்சுக்குத் தாவினார். 2023-லும் அதே தேதி. மிக்ஜாம் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் முகத்துவாரத்தில் படிந்து, வலையெல்லாம் நாசமாகிக் கிடந்த டிசம்பர். 26 நள்ளிரவு நெருங்கும்போது, வடக்கே பெரியகுப்பம் பக்கம் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ரோட்டுக்கு ஓடினார்கள். ஐம்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில்.

“அன்னிக்கி மட்டும் ஸ்டாருக்கு லைட்டு போட மாட்டேன் சார். மறுநாள்லேந்து மூணு ராஜா திருநாள் வரைக்கும் எரியும்.”

“அந்தத் தாளை எல்லாம் என்ன பண்ணுவீங்க?”

அலமாரியைக் காட்டினார். தடித்த பைபிள். நடுவே இருபதுக்கும் குறையாத காலண்டர் தாள்கள். மேலே இருந்ததில் ராசிபலன் பக்கம் கண் போயிற்று. உடனே எடுத்துவிட்டேன்.

முப்பது தாளையும் ஒட்டி, மெழுகு தேய்த்து, செய்தித்தாளில் சுற்றி நீட்டினார். நூற்றைம்பது ரூபாய். பல்பு நம் செலவு. “எல்.இ.டி. போடுங்க சார், குண்டு பல்பு போட்றாதீங்க” என்று வாசலில் ஒரு தடவை, படிக்கட்டில் ஒரு தடவை, நான் கீழே இறங்கியபின் மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்து ஒரு தடவை சொன்னார்.