மாமா கட்டின ஓட்டல்

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க்குழு நண்பன் கேட்டதும் முதலில் கவிதைதான் எழுத நினைத்தேன். நம் மலரில் கவிதைக்குப் பஞ்சமே கிடையாது என்பதால் அந்த எண்ணத்தைக் கைவிட்டேன். ஹாஸ்டலில் ஒருத்தன்கூட நம்பாத ஒரு விஷயத்தை எழுதுகிறேன். போன டிசம்பர் லீவில் சிங்கப்பூர் மரினா பே சாண்ட்ஸ் ஓட்டலில் நான் ஒரு இரவு தங்கினேன். சத்தியமாக!

"மூணு கட்டடத்து மேல கப்பலைத் தூக்கி வச்ச மாதிரி இருக்குமே, அதுவாடா? கேசினோ எல்லாம் இருக்குமே!" என்று கேட்டார்கள். அதுவேதான். அங்கே தங்க எனக்கு வசதி ஏது? கூட்டிப்போனவர் என் தாய்மாமா. 2008-இல் ஏஜெண்டுக்குப் பணம் கட்டி சிங்கப்பூருக்குக் கம்பி கட்டப் போனவர். அந்த ஓட்டலைக் கட்டிய ஆயிரக்கணக்கான ஆட்களில் அவரும் ஒருத்தர். வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கே திரும்புவதாக முடிவானதும், "மாப்ளே, பாஸ்போர்ட் எடு. ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போ" என்று டிக்கெட் போட்டுவிட்டார். திருச்சியில் ஏறினேன்.

சிவில் நண்பர்களுக்காக நாலு வரி. (மற்ற டிபார்ட்மெண்ட்காரர்கள் தாண்டிப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.) டிசைன் செய்தவர் மோஷே சஃப்டி என்ற ஆர்க்கிடெக்ட். 55 மாடியில் மூன்று கோபுரங்கள். ஒவ்வொன்றும் கீழே இரண்டு காலாகப் பிரிந்து நிற்கிறது. சாய்ந்து வரும் கால் 23-ஆவது மாடியில்தான் மற்றதோடு சேர்கிறது. சேரும் வரைக்கும் அது தன் எடையாலேயே சாயப் பார்க்கும் இல்லையா? அதற்காக நடுவில் தற்காலிகமாக இரும்புத் தாங்கல் கொடுத்து, சுவருக்குள் கேபிள் இழுத்துக் கட்டி ஏற்றியிருக்கிறார்கள். மூன்றின் தலையிலும் 340 மீட்டர் நீளத்துக்கு ஒரு தோட்டம். அதன் ஒரு முனை 65 மீட்டருக்கு மேல் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. கான்டிலீவர் என்றால் நமக்கெல்லாம் பஸ் ஸ்டாப் கூரைதான் ஞாபகம் வரும்!

மாமா வேலை பார்த்தது நடுக் கோபுரத்தில். "கால் ரெண்டும் ஒட்டுன அன்னிக்கு நான் மேலதான் மாப்ளே இருந்தேன்" என்று அதை மட்டும் நாலு தடவை சொல்லியிருப்பார். அதற்குப் பிறகு அவரை வேறு சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள். 2010 ஏப்ரலில் ஓட்டல் திறந்தபோது அவர் எங்கோ ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்.

முதல் நாள் இரவு தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், ஒரு அறைக்கு எட்டுக் கட்டில் போட்ட லாட்ஜில் படுத்தோம். மறுநாள் மாலை மூன்று மணிக்கு சாண்ட்ஸ். மாமா வெளுத்த சட்டையும் புது செருப்புமாக வந்தார். பெட்டி தூக்க வந்த பையனை "சார்" என்றார், அவன் பதிலுக்கு இவரை "சார்" என்றான். இரண்டு பேருமே விடுவதாக இல்லை.

அறை எப்படி இருந்தது என்று எல்லாரும் கேட்கிறீர்கள். அதன் குளியலறையில் எங்கள் வீட்டுக் கூடமும் அடுப்படியும் அடங்கிவிடும். மெத்தையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. ஃப்ரிட்ஜில் இருப்பதைத் தொட்டாலே பில்லில் ஏறிவிடும் என்று மாமாவின் சிநேகிதர் பயமுறுத்தி அனுப்பியிருந்ததால், நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. 57-ஆவது மாடியில் அந்தப் புகழ்பெற்ற நீச்சல் குளம், சுமார் 150 மீட்டர் நீளம். ஓட்டலில் தங்குகிறவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. விளிம்பில் நின்றால் தண்ணீர் அப்படியே ஊர் மேல் வழிந்து கொட்டுவதுபோல இருக்கும். உண்மையில் கீழே ஒரு வாய்க்கால் இருக்கிறது, வழிகிற தண்ணீர் அதில் விழுந்து திரும்பவும் குளத்துக்கே வருகிறது. மாமா முழங்கால் வரை இறங்கினார், வேட்டியைத் தூக்கிப் பிடிக்கிற பழக்கத்தில் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டே!

இதுவரை எல்லாம் சந்தோஷம்தான். அறைக்கு வந்ததும் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அந்த ஒரு இரவு வாடகை, மாமாவின் ஒரு மாதச் சம்பளத்தில் முக்கால் பங்குக்கு மேல். எனக்கு மத்தியானத்திலிருந்தே அம்மாவின் காதுதான் கண் முன்னால் வந்துகொண்டிருந்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு தடவை மாமாவிடமிருந்து பணம் வரவில்லை. கம்பெனியில் சம்பளம் போடவில்லை என்றார்கள். அம்மா தோட்டைக் கழற்றி அடகு வைத்தாள். வட்டி கட்ட முடியாமல் அது ஏலத்தில் போயிற்று. ரொம்ப நாள் காது தூர்ந்துபோகாமல் இருக்க வேப்பங்குச்சி செருகியிருந்தாள், அப்புறம் கவரிங். இன்றைக்கும் கவரிங்தான்.

"இந்தக் காசுக்கு அம்மாவுக்கு ஒரு தோடு வாங்கியிருக்கலாம்ல மாமா?" என்று கேட்டுவிட்டேன்.

மாமா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "செருப்பைப் போடு. ஒரு எடம் காட்டுறேன்" என்றார்.

கேசினோ அந்தக் கோபுரங்களுக்குள் இல்லை, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கடைகள் இருக்கும் கட்டடத்தில் இருக்கிறது. 21 வயது ஆகாதவர்களை உள்ளே விடமாட்டார்கள், அதனால் வாசலோடு நின்றோம். சிங்கப்பூர் பிரஜைகளும் நிரந்தரவாசிகளும் உள்ளே போக நுழைவு வரி கட்ட வேண்டும். திறந்தபோது நூறு வெள்ளி, 2019-லிருந்து 150 வெள்ளி. 24 மணி நேரத்துக்குத்தான் அது செல்லும். சொந்த ஜனங்கள் சூதில் அழியக்கூடாது என்று அரசாங்கம் போட்ட வேலி அது. வெளிநாட்டுக்காரனுக்கு அந்த வரி கிடையாது. சட்டத்தின் கண்ணில் டூரிஸ்டும் வெளிநாட்டுக்காரன்தான், கம்பி கட்ட வந்தவனும் வெளிநாட்டுக்காரன்தான்.

"2011-ல சம்பளம் வாங்கின ஞாயித்துக்கிழமை, ரூம் பசங்களோட வந்தேன்" என்றார் மாமா. "நாம கட்டினதை உள்ள போய்ப் பாப்போம்னுதான். ரூமு பக்கம் போக முடியாது, குளத்துக்கு விடமாட்டான். இந்த ஒரு வாசல்லதான் காசு வாங்காம 'வாங்க சார்'னான். உள்ள ஜன்னலும் கெடையாது, கடிகாரமும் கெடையாது. டீ காபி சும்மா குடுக்குறான். காலைல போனவன், வெளில வந்து பாத்தா இருட்டிக் கெடக்கு. மொதல்ல ஜெயிச்சேன் மாப்ளே. அதான் கெடுத்துச்சு. அடுத்த மாசம் விட்டதைப் பிடிக்கணும்னு வந்தேன். அதுவும் போச்சு. கம்பெனியில சம்பளம் போடலன்னு அக்காகிட்ட போன் பண்ணிச் சொன்னேன்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எங்களைத் தாண்டி ஆட்கள் உள்ளே போய்க்கொண்டே இருந்தார்கள். நம்மூர் முகமும் ஒன்றிரண்டு இருந்தது.

"அதுக்கப்புறம் இந்தப் பக்கமே வரல. பஸ்ல போனாக்கூட அந்தப் பக்கம் திரும்பிக்குவேன். கட்டினது நாங்க, அதை நிமிந்து பாக்க முடியல. ஊருக்குப் போறதுக்குள்ள வேற வாசல் வழியா, காசு குடுத்து, ஒரு ராத்திரி உள்ள இருக்கணும்னு தோணுச்சு. தப்புன்னா தப்புதான்."

அறைக்குத் திரும்பியதும் மாமா கட்டிலுக்குப் பின்னால் இருந்த சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார். படுத்தார், உடனே குறட்டை. நான்தான் விடிய விடிய முழித்திருந்தேன்.

காலையில் வெளியே வந்தபோது, ஒரு லாரியின் பின்னால் ஹெல்மெட்டோடு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பக்கத்து மனையில் புதுக் கோபுரம் ஒன்றுக்கு 2025 ஜூலையில் பூமி பூஜை மாதிரி ஏதோ செய்து வேலை தொடங்கியிருக்கிறார்களாம். மாமா அந்த லாரி மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

இதையெல்லாம் எழுத அவரே அனுமதி கொடுத்துவிட்டார். ஏனென்றால் பொங்கலுக்கு முன்னால் ஊருக்கு வந்ததும், அம்மாவிடம் அவரே சொல்லிவிட்டார். நான் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எனக்கு அப்பவே தெரியும்டா" என்றாள். "கம்பெனியில சம்பளம் போடலன்னா, உன்கூடப் போன கீழத்தெருப் பய மட்டும் எப்படி வீட்டுக்குப் பணம் அனுப்புனான்?"

அப்புறம் ரொம்ப நேரம் கழித்து, "அந்த ரூம்ல மெத்தை எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

மாமா பதில் சொல்லவில்லை. நான்தான் திண்ணையிலிருந்து, "நல்லா இருந்துச்சும்மா" என்றேன்.