வெள்ளைக்கொடி

‘இம்சை அரசன் 23ம் புலிகேசி’ 2006-ல் வந்தபோது நான் பத்தாவது. கோரிமேட்டிலிருந்து அப்பாவோடு டிவிஎஸ் 50-ல் போய்ப் பார்த்தேன். எதிரிப்படை வந்தால் வெள்ளைக்கொடி தூக்கும் ராஜா. ஆனால் அரண்மனை ஓவியத்தில் மட்டும் கட்டுமஸ்தான உடம்பு. அப்பா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாளுக்கியன் இரண்டாம் புலிகேசி ஹர்ஷரையே தோற்கடித்தவன் என்று பாடப்புத்தகத்தில் படித்திருந்ததால், எனக்கு அந்த ‘23ம்’ என்பதே பெரிய ஜோக்.

ஜப்பானிய மாங்கா மேதை ஒசாமு தெசுகா தன் பாத்திரங்களை நடிகர்கள் மாதிரி வைத்திருந்தார். ஒரு கதையில் பார்த்த முகம் இன்னொரு கதையில் வேறு வேஷத்தில் வரும். நமக்கு வடிவேலு அப்படித்தான். ‘வின்னர்’ (2003) கைப்புள்ளயும், ‘தலைநகரம்’ (2006) நாய் சேகரும், புலிகேசியும் ஒரே ஆள்தான். வாயில் வீரம், காலில் ஓட்டம்.

ரொம்ப நாள் கழித்துத்தான் ஒரு வித்தியாசம் உறைத்தது. கைப்புள்ளயிடம் இருப்பது ஒரு வாலிபர் சங்கம் மட்டுமே. அவன் பயந்தால் அடி அவனுக்குத்தான் விழும். புலிகேசியிடம் ஒரு நாடே இருக்கிறது. அவன் பயந்தால் அடி மக்களுக்கு. தாய்மாமன் சங்கிலி மாயனுக்குத் தலையாட்டுகிறான், குளிர்பானக் கம்பெனிக்கு அனுமதி கொடுக்கிறான், ஜாதிச்சண்டைக்கு மைதானமே திறந்து வைக்கிறான். கார்ட்டூனிஸ்டாக இருந்து இயக்குநரான சிம்புதேவனுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. மேலே குனிபவன் கீழே மிதிப்பான். கோழைக்கு அதிகாரம் கிடைத்தால் அவன்தான் வில்லன்.

போன வருஷம் நான் டீம் லீட் ஆனேன். ஒரு ராத்திரி சர்வர் விழுந்தது. காரணம் ஒரு ஜூனியர் எழுதிய நாலு வரி. அதைப் பார்த்து ஓகே பண்ணியது நான். சரியாகப் படிக்காமலே ஓகே பண்ணியிருந்தேன். மறுநாள் காலில் மேனேஜர் அவனை அரை மணி நேரம் காய்ச்சினார். நான் ம்யூட்டில் இருந்தேன். அந்தப் பட்டனை எடுக்க ஒரு செகண்ட் போதும். எடுக்கவில்லை. அப்ரைசலில் அவனுக்கு அடி விழுந்தது. எனக்கு விழவில்லை.

தீபாவளிக்கு ஊருக்கு வந்தேன். டிவியில் மறுபடி புலிகேசி. அப்பா அதே இடத்தில் அதே மாதிரி சிரித்தார். என்னால் முடியவில்லை. படத்தில் கோழை ராஜாவுக்குப் பதிலாக அரியணையில் உட்கார உக்கிரபுத்தன் என்று ஓர் இரட்டைப் பிறவி இருக்கிறான். எனக்கு அப்படி யாரும் கிடையாது.

மொட்டைமாடிக்குப் போய் அந்தப் பையனுக்குப் போன் பண்ணினேன்.

“அந்தக் கோடை ஓகே பண்ணது நான்தான்டா. அன்னிக்கே சொல்லியிருக்கணும்.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“தெரியும்ணா. அதுல உங்க பேர்தானே இருந்துச்சு. நீங்க சொல்வீங்கன்னு அந்த அரை மணி நேரமும் பாத்துட்டிருந்தேன்.”

அவனிடம் சொல்வது சுலபம். அவனால் என்னை ஒன்றும் செய்ய முடியாது. சொல்ல வேண்டிய இடம் வேறு. மேனேஜருக்கு எழுதிய மெயில் இன்னும் டிராஃப்ட்டில்தான் இருக்கிறது.