புள்ளி இல்லாத எழுத்து

அறுபது வயதுக்கு மேல் ஒருவன் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்குவதில் கொஞ்சம் அவமானம் இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆபீஸில் பிறர் எழுதியதில் தப்புக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவனுக்கு, சாயங்காலங்களில் சிறுபத்திரிகைகளில் பிறர் எழுதியதில் தப்புக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்காதவனுக்கு, அது இன்னும் கொஞ்சம் அதிகம்.

ஓய்வு பெற்ற பிறகு நான் கற்றுக்கொள்ளப் புறப்பட்டது தமிழ்ப் பிராமி. தமிழி என்றுதான் சொல்லவேண்டும் என்கிறார்கள். சொல்லலாம். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. திருப்பரங்குன்றத்தில் பிறந்து, மலையின் கோயில் பக்கத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு வயதானவனுக்கு, வேலை நின்ற பிறகு மலையைச் சுற்றி நடக்க நேரம் கிடைத்தது. நடந்தால் அது வேறு மலையாக இருக்கிறது. தெற்கே உமையாண்டார் கோயில். சமணக் குடைவரையாக இருந்து பிற்பாடு சைவத்துக்கு மாறியது. மேலே காசி விசுவநாதர், சிக்கந்தர் தர்கா. மேற்குச் சரிவில் குகை, குகைக்குள் கல்லில் செதுக்கிய படுக்கைகள். பஞ்சபாண்டவர் படுக்கை என்பது அவற்றுக்கு ஊர் வைத்த பெயர். மதுரையைச் சுற்றி எந்தக் குன்றில் எந்தச் சமண முனிவருக்காகப் படுக்கை வெட்டியிருந்தாலும் இந்த ஐந்து பேரும் அங்கே போய்ப் படுத்துக்கொண்டுவிடுகிறார்கள்.

அங்கேதான் அந்த எழுத்துகள். சின்ன வயதில் பார்த்தபோது யாரோ மாடு மேய்க்க வந்தவன் பொழுது போகாமல் கீறியது என்று நினைத்தேன். என்னைக் குறை சொல்வதற்கில்லை; படித்தவர்களே வெகு காலம் இவற்றில் பிராகிருதத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இந்தக் குகைகளில் இருப்பது தமிழ் என்று 1924-ல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் ஒரு மாநாட்டில் எடுத்துச் சொன்னார். ழ, ள, ற, ன ஆகியவற்றை அடையாளம் கண்டதுதான் திறவுகோல். ஐராவதம் மகாதேவன் 1960-களில் குகை குகையாக ஏறி இறங்கினார். அவருடைய பெரிய ஆங்கிலப் புத்தகத்தை 2003-ல் க்ரியாவும் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் வெளியிட்டன. ஐ.ஏ.எஸ். உத்தியோகம், தினமணி ஆசிரியர் பதவி எல்லாவற்றுக்கும் இடையில் ஒருவர் பாறையோடு இத்தனை வருஷம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அந்தப் புத்தகத்தைக் கடன் வாங்கி, அதன் அட்டவணையைக் கையால் பெயர்த்து எழுதிக்கொண்டு, கோடு போட்ட நோட்டில் ஒன்றாம் வகுப்புப் பையனைப் போல நிரப்ப ஆரம்பித்தேன்.

எழுத்துகள் கஷ்டமில்லை. க என்பது ஒரு கூட்டல் குறி. ட என்பது பாதி வட்டம். ஒரு மாதத்தில் கை பழகிவிட்டது. கஷ்டம் வேறிடத்தில் இருந்தது. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும்.

நமக்கு க என்று எழுதியிருந்தால் ‘க’, மேலே புள்ளி இருந்தால் ‘க்’. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. அந்தக் காலத்து எழுத்தில் புள்ளி பிற்பாடுதான் வருகிறது. அதற்கு முன் இருந்த முறைகளை மகாதேவன் பிரித்துக் காட்டுகிறார். மிகப் பழையதில், எழுத்தின் பக்கத்தில் ஒரு சிறு கோடு இருந்தால் அகரமாகவும் இருக்கலாம், ஆகாரமாகவும் இருக்கலாம். கோடு இல்லாவிட்டால் வெறும் மெய். அடுத்த முறையில் கோடு ஆகாரத்துக்கு மட்டும். ஆனால் கோடு இல்லாத எழுத்து ‘க’வாகவும் இருக்கலாம், ‘க்’காகவும் இருக்கலாம். எது என்பதைக் கல் சொல்லாது. வாசிக்கிறவனுக்குச் சொல் முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டும். தெரிந்ததை உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் எழுத்து. நம்முடைய ஏட்டுச் சுவடிகளிலும் பெரும்பாலும் புள்ளி இராது. எழுத்தாணிக்கு ஓலை கிழிந்துவிடும் என்று சொல்வார்கள். தொல்காப்பியம் மெய்க்குப் புள்ளி உண்டு என்று விதித்திருந்தும் எழுதுகிறவர்கள் காலகாலமாக அதை விட்டுக்கொண்டேதான் வந்திருக்கிறார்கள்.

திருப்பரங்குன்றத்துக் குகையில் ஒரு கல்வெட்டு, எருகாட்டூரைச் சேர்ந்த ஈழக் குடும்பிகன் ஒருவனைப் பற்றியது. சுமார் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தையது. ஒரு காலை, கண்புரை அறுவை முடிந்து கண் தெளிந்திருந்த சமயம், படியேறிப் போய் அதன் முன் நின்று, புத்தகத்தைப் பார்க்காமல் வாசிப்பதென்று முடிவு செய்தேன். வாய்விட்டு வாசித்தேன். ஈ. ழ. கு. டு. ம. பி. க. ன. எல்லா எழுத்துக்கும் அகரம் கொடுத்து, ஒவ்வொன்றாக நிறுத்தி. குகையில் குரல் கொஞ்சம் திரும்பி வரும். திரும்பி வந்த குரலை நான் முன்பே கேட்டிருக்கிறேன். அது என் குரல்தான். அம்மாவின் நோட்டுப் புத்தகத்தை அவளுக்கு முன்னால் வாசித்த குரல்.

அம்மா கைநாட்டு. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது அவளுக்கு ஐம்பத்தேழோ ஐம்பத்தெட்டோ. அப்பா போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. தெருக்கோடியில் ஒரு வீட்டுத் திண்ணையில் ராத்திரி வகுப்பு. சொல்லிக் கொடுத்தது பி.காம். படித்துக்கொண்டிருந்த ஒரு பெண். அம்மா ஏன் போனாள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. பஸ். பெரியார் பஸ் ஸ்டாண்டில் எங்கள் பக்கம் வருகிற வண்டிகள் எல்லாவற்றுக்கும் முதலெழுத்து ஒன்றே: திருநகர், திருமங்கலம், திருப்பரங்குன்றம். எண்ணையும் முதல் இரண்டு எழுத்தின் உருவத்தையும் வைத்துப் பழகியவள் பலமுறை ஏமாந்து, மெயின் ரோட்டில் இறங்கி வெயிலில் நடந்து வந்திருக்கிறாள். வீட்டில் அதைச் சொன்னதில்லை. ‘திரு’வுக்குப் பிறகு என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு மனுஷி இரண்டு மாதம் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். நான் அப்போது அமைப்பியல் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். குறிக்கும் குறிப்பானுக்கும் உள்ள உறவு பற்றி.

ஒரு ராத்திரி நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். ‘மலை’ என்று எழுதியிருந்தாள். 1978-க்குப் பிறகு வந்த லை. நான் படித்த துதிக்கை வைத்த லை அல்ல. ஒரே வீட்டில் இரண்டு பேர் மலையை வேறு வேறு விதமாக எழுதுவது அன்று எனக்கு ரசமாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி முழுக்கப் பெரிய எழுத்தில்: ‘திருபபரஙகுனறம’. நான் அதை அப்படியே வாசித்துக் காட்டினேன். தி. ரு. ப. ப. ர. ங. கு. ன. ற. ம. என் மனைவி சிரித்தாள். பையன் சிரித்தான். பிறகு சிவப்பு மையால் நான்கு புள்ளிகள் வைத்தேன். ஆபீஸ் சிவப்பு மை.

அம்மா நோட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

“திருப்பரங்குன்றம்னு பாத்ததும் தெரியுதில்லய்யா? தெரிஞ்ச பெறகு பொட்டு எதுக்கு? எனக்கே இல்ல.”

அவளும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இரண்டாவதாகச் சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை. முதலாவதற்கு விரிவாகவே சொன்னேன்: புள்ளி இல்லாவிட்டால் அது எழுத்தே இல்லை, கோலம் என்று.

மறுநாள் அந்தப் பெண்ணைத் தெருவில் பார்த்து, ஏம்மா புள்ளி சொல்லித் தரவில்லை என்று கேட்டேன். “அது பின்னாடி வரும் சார், இப்ப எழுதட்டும்” என்றாள். அலட்சியமான பதில் என்று பட்டது. மகாதேவனின் அட்டவணையைப் பார்த்தால் அந்தப் பெண் சொன்ன வரிசைதான் சரி. புள்ளி பின்னாடிதான் வந்தது, சில தலைமுறைகள் கழித்து. என் அம்மா எழுதியது இரண்டாவது முறை, ஏறக்குறைய தப்பில்லாமல்.

அதற்குப் பிறகு அவள் நோட்டுக் காட்டவில்லை. வகுப்புக்குப் போனாள். பஸ் போர்டு படிக்க வந்துவிட்டது. சினிமா போஸ்டர் படித்தாள், சன்னதித் தெருவில் கடைப் பலகைகளைப் படித்தாள், கல்யாணப் பத்திரிகையில் யார் பேர் விட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடித்தாள். எழுதியதை மட்டும் நான் பார்க்கவில்லை. ரேஷன் கடையில் கடைசிவரை கைநாட்டுதான் வைத்தாள் என்று தெருக்காரர்கள் சொன்னார்கள். 2004-ல் போய்விட்டாள். ஈமக்காரியங்கள் முடிந்து அவள் பெட்டியைத் திறந்தபோது நோட்டைத் தேடினேன். இல்லை. பழைய பேப்பரோடு போயிருக்கும். நானே எடைக்குப் போட்டிருக்கவும் கூடும்; என் புரூஃப் தாள்களோடு நிறையப் போட்டிருக்கிறேன்.

குகையில் மறுபடி வாசித்தேன். இந்தத் தடவை மூச்சுவிடாமல், சொல் தெரிந்தவன் வாசிக்கிற மாதிரி: ஈழக் குடும்பிகன். வாசிக்க முடிந்துவிட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். ஆனால் கீழே இறங்கும்போது காலில் பிடிப்பில்லை, இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் வந்தேன்.

இப்போது நோட்டில் தமிழியில் ஊர்ப் பெயர்கள் எழுதிப் பழகுகிறேன். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறாள். திருப்பரங்குன்றம் எழுதும்போது புள்ளி வைப்பதா வேண்டாமா என்று ஒவ்வொரு முறையும் கை தயங்குகிறது. இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தாயிற்று.

போன வாரம் கண் டாக்டரைப் பார்த்துவிட்டுப் பெரியார் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். இப்போது வண்டிகளின் நெற்றியில் சிவப்பு வெளிச்சத்தில் எழுத்து ஓடுகிறது. ஒரு வண்டியில் சில விளக்குகள் செத்துப்போயிருந்தன. ‘திருப்பர’ வரைக்கும் தெரிந்தது, பிறகு வெறும் இருட்டு. ஏறுவதற்கு முன் கண்டக்டரிடம், “குன்றம்தானே?” என்று கேட்டேன். அம்மாவும் படிக்கத் தெரிந்த பிறகுகூடக் கேட்டுவிட்டுத்தான் ஏறுவாள்.