ஜீப்புக்குக் கொக்கி மாட்டின கதை

மெட்ராஸ்ல இருக்குற என் தங்கச்சி மவன் போன வாரம் போன் பண்ணினான். நாலு சக்கரமும் இழுக்குற வண்டி ஒண்ணு புதுசா வாங்கியிருக்கான். "மாமா, பின்னாடி ஒரு டோ பார் மாட்டணும். சின்ன டிரெய்லர் வாங்கி அதுல பைக்கை ஏத்திக்கிட்டு ஊர் சுத்தலாம்னு இருக்கேன். நீங்கதான் வீட்டுலயே மாட்டினீங்களே, எப்படின்னு சொல்லுங்க" என்றான். போன்ல சொல்ற விஷயம் இல்லப்பா, எழுதுறேன்னு வச்சுட்டேன்.

அவனுக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு இருக்கு. நான் மாட்டினது ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. முதல் தடவை என்ன ஆச்சுன்னு எங்க வீட்டு ஆளுங்களுக்கும் பக்கத்து வீட்டு அண்ணனுக்கும்தான் தெரியும்.

எங்க நிலம் துவாக்குடிக்குத் தெற்கே, வாய்க்கால் கரையைத் தாண்டி. களிமண் பாதை. தை மாசம் அறுவடை நேரத்துல ஒரு மழை பேஞ்சாலும் சாதா வண்டி உள்ள போகாது. டிராக்டரை வாடகைக்குக் கூப்பிட்டா, எல்லாருக்கும் அறுவடை அதே வாரம்தான், நம்ம முறை வர்றதுக்குள்ள நெல்லு களத்துல கிடந்து ஈரம் கோத்துக்கும். அதனால ஒரு பழைய மகிந்திரா 540 ஜீப்பை வாங்கினேன். லோ கியர் போட்டா சேத்துலயும் எருமை மாதிரி நிதானமா நடக்கும். கூடவே பதிவு நம்பரோட ஒரு சின்ன ரெண்டு சக்கர டிரெய்லரும் கிடைச்சுது. ரெண்டையும் சேர்க்குற கொக்கிதான் இல்ல.

துவாக்குடியில கொக்கி செய்ய ஆளா இல்ல? பெல் தொழிற்சாலை, அதை நம்பி சிட்கோ பேட்டையில இருக்குற பட்டறைகள், தெருவுக்கு ரெண்டு வெல்டர். பெல் வளாகத்துல 1975-லயே வெல்டிங்குக்குன்னு தனி ஆராய்ச்சி நிலையம் தொடங்கின ஊரு இது. இந்த ஊர்ல பொறந்தவனுக்கு வெல்டிங் தெரியாதான்னு ஒரு திமிரு எனக்கு. மச்சினன்கிட்ட மெஷினை இரவல் வாங்கி, ஒரு இரும்புத் தகட்டை ஜீப்போட பின்பக்கக் குறுக்குச் சட்டத்துல வச்சு, நாலு பக்கமும் நானே பத்தவச்சேன். நடுவுல ஒரு நாக்கு, அதுல ஓட்டை, ஒரு பின்னு. மேல கறுப்புப் பெயிண்டு அடிச்சதும் கம்பெனி வேலை மாதிரியே இருந்துச்சு. வர்றவன் போறவனுக்கெல்லாம் காட்டினேன்.

ஒரு வருஷம் ஓடுச்சு. 2018 தை மாசம், நெல் மூட்டை 18 ஏத்திக்கிட்டு வாய்க்கால் கரை ஏத்தத்துல போறேன். ஒரு மூட்டை 40 கிலோ. எங்க பக்கம் ஏத்தத்துல பாரவண்டி ஏறும்போது பின்னாடி ஒரு ஆள் அடைக்கட்டையோட நடந்து வருவாங்க, வண்டி பின்வாங்கினா சக்கரத்துக்கு அடியில வைக்க. அன்னிக்குக் கட்டையோட நடந்து வந்தது என் வீட்டுக்காரம்மா.

பாதி ஏத்தத்துல படார்னு ஒரு சத்தம். ஜீப்பு திடீர்னு லேசாகி முன்னால பாஞ்சுது. திரும்பிப் பார்த்தா டிரெய்லர் பின்னால உருண்டு போய்க்கிட்டு இருக்கு. தகடும் கொக்கியும் அதோடயே போகுது. அவ கட்டையைப் போட்டுட்டு வாய்க்காலுக்குள்ள குதிச்சா. டிரெய்லர் அவ நின்ன இடத்தைத் தாண்டிப் போய்ப் பனைமரத்துல மோதிக் கவுந்துச்சு. முழங்கால் அளவு தண்ணி. அவளுக்கு வலது முட்டி பிசகி, ஒரு மாசத்துக்கு மேல நொண்டி நொண்டி நடந்தா. நனைஞ்ச மூட்டையைப் பத்தி நான் யோசிக்கவே இல்ல. ஒரு எட்டு பிந்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இன்னிக்கும் ராத்திரியில நெனப்பு வரும்.

பக்கத்து வீட்டு அண்ணன் பாய்லர் குழாய் பத்தவச்சே ரிட்டயர் ஆனவர். அவர் வேலை செஞ்ச காலத்துல வச்ச ஜாயிண்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பாங்களாம். மறுநாள் அந்தத் தகட்டைக் கையில வாங்கி, உடைஞ்ச முகத்தைத் துணியால துடைச்சார். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல.

"தம்பி, இது நேத்து உடையல. இங்க பாரு, முக்காவாசி இடம் பழைய துரு. பளபளன்னு இருக்குற இந்தக் கால்வாசிதான் நேத்து விட்டது. மத்ததெல்லாம் எப்பவோ விட்டுப்போச்சு. பெயிண்டு மறைச்சு வச்சிருக்கு."

அப்புறம் விரலால தடவிக் காட்டினார். நான் சட்டத்துல இருந்த துருவையும் பழைய பெயிண்டையும் சரியா சுரண்டாம அது மேலயே பத்தவச்சிருக்கேன். ராடு உருகி மேல வழிஞ்சிருக்கு, உள்ள இறங்கல. "இது ஒட்டிக்கிட்டு இருந்துச்சுப்பா, சேரவே இல்ல. ஒட்டுறது வேற, சேர்றது வேற."

ரெண்டாவது கொக்கியை அவரும் நானும் சேர்ந்து எங்க வீட்டு வேப்பமரத்தடியில ரெண்டு ஞாயித்துக்கிழமை வேலை செஞ்சு மாட்டினோம். மருமவனே, இனிமே எழுதுறது உனக்கு.

முதல் பாடம், கொக்கியைப் பம்பர்ல மாட்டக் கூடாது. பம்பர் அழகுக்கு. இழுக்குற பலம் சேசிஸோட ரெண்டு நீளச் சட்டத்துலதான் இருக்கு. பாரம் அந்த ரெண்டுக்கும் சமமாப் போகணும். அண்ணன் வண்டியை ஜாக்கியில தூக்கி, அடியில ஸ்டாண்டு கொடுத்துட்டுத்தான் உள்ள படுத்தார். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில போகாதே. சின்னச் சுத்தியலால சட்டத்தை நெடுகத் தட்டிக்கிட்டே வந்தார். நல்ல இரும்பு கணீர்னு கேட்கும், உளுத்த இரும்பு மொத்துனு கேட்கும். பானை வாங்கும்போது தட்டிப் பார்க்குறோமே, அதே கணக்கு.

ரெண்டாவது, சட்டத்துல வெல்டிங் வேண்டாம், போல்ட்டுதான்னு சொல்லிட்டார். பத்தவைக்கிற சூடு பக்கத்து இரும்போட குணத்தை மாத்திடும். குலுங்கிக் குலுங்கி ஓடும்போது விரிசல் அந்த ஓரத்துலதான் ஆரம்பிக்கும். ஓட்டையும் சட்டத்தோட மேல் விளிம்பு கீழ் விளிம்புல போடக் கூடாது, பக்கவாட்டு நடுப்பகுதியிலதான் போடணும். வளையுற பாரத்தை விளிம்புதான் தாங்குது.

போல்ட்டுத் தலையில 8.8னு எழுதியிருக்கும், பார்த்து வாங்கு. முதல் 8, சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவையைத் தாங்கும்னு அர்த்தம். புள்ளிக்குப் பின்னால இருக்குற 8, அந்தப் பலத்துல 80 சதவீதம் வரைக்கும் நிரந்தரமா நீளாதுன்னு அர்த்தம். 4.6 போல்ட்டு பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், பலம் ஏறக்குறைய பாதி. நாங்க 12 எம்.எம். போல்ட்டு பக்கத்துக்கு நாலு போட்டோம், 10 எம்.எம். தகட்டோட, நைலாக் நட்டு வச்சு. சட்டம் பெட்டி மாதிரி மூடின இடமா இருந்தா போல்ட்டை அப்படியே விட்டு இறுக்காதே, இறுக்க இறுக்கச் சட்டம் உள்ள நசுங்கும். போல்ட்டு நுழையுற அளவுக்கு ஒரு குழாயைச் சட்டத்தோட அகலத்துக்கு வெட்டி உள்ள நிறுத்தணும். அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் பாரம் குழாய்ல போகும்.

கொக்கியோட நாக்கைத் தகட்டுல சேர்க்குறது மட்டும் வெல்டிங். அதை வண்டியில வச்சுச் செய்யல, தனியா அண்ணன் கொட்டாயில செஞ்சோம். இரும்பு வெள்ளி மாதிரி ஆகுற வரைக்கும் என்னைக் கிரைண்டர் பிடிக்க வச்சார். 7018 ராடை அவன்ல காயவச்சு எடுத்துட்டு வந்தார். அந்த ராடுல ஈரம் ஏறினா ஜாயிண்டுல ஹைட்ரஜன் புகுந்து, வேலை முடிஞ்சு மறுநாள்கூட விரிசல் விடுமாம். ஆறினதும் சிவப்புச் சாயம் ஒண்ணைத் தடவி, கொஞ்ச நேரம் விட்டுத் துடைச்சுட்டு, மேல வெள்ளை மருந்தைத் தெளிச்சார். விரிசல் இருந்தா உள்ள போன சாயம் வெள்ளையில சிவப்புக் கோடா கசிஞ்சு தெரியும். பரீட்சை ரிசல்ட்டுக்கு நிக்கிற மாதிரி நின்னேன். கோடு எதுவும் வரல.

அடுத்தது சங்கிலி. போன தடவை நான் சங்கிலி போடவே இல்ல. கொக்கிக்குக் கீழே ரெண்டு சங்கிலியைக் குறுக்கும் நெடுக்குமா, பெருக்கல் குறி மாதிரி மாட்டணும். கொக்கி விட்டாலும் டிரெய்லரோட மூக்கு தரையில குத்தாம அந்தத் தூளியில விழும். வண்டி திரும்புறதுக்கு வேண்டிய நீளம் இருந்தா போதும், அதுக்கு மேல தொங்கக் கூடாது. சங்கிலியைக் கொக்கியில மாட்டாதே, சேசிஸ்ல தனி வளையத்துல மாட்டு. கொக்கியோட சேர்ந்து சங்கிலியும் போச்சுன்னா அப்புறம் அது எதுக்கு?

பாரம் ஏத்துறதை எங்க அப்பா மாட்டுவண்டியில சொல்லிக் கொடுத்ததுதான். முன்பாரம் அதிகமானா நுகத்தடி மாட்டுக் கழுத்தை அழுத்தும். பின்பாரமானா நுகத்தடி மேல தூக்கிப் பூட்டாங்கயிறு மாட்டோட தொண்டையை நெரிக்கும். கொஞ்சூண்டு முன்பாரமா இருக்கணும்பார். டிரெய்லருக்கும் அதேதான். மொத்த எடையில நூத்துக்கு ஐஞ்சுலேர்ந்து பத்துக்குள்ள கொக்கி மேல உட்காரணும். பின்பாரம் ஆச்சுன்னா வேகத்துல டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிச்சு, முன்னால போற வண்டியையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிடும். எங்க டிரெய்லர் 250 கிலோ. இப்ப 12 மூட்டைக்கு மேல ஏத்துறதில்ல, அது 480. மொத்தம் 730. மூக்குக்கு அடியில மளிகைக்கடைத் தராசை வச்சு நிறுத்தினப்ப 50 கிலோ காட்டுச்சு. ஐரோப்பாவுல 750 கிலோவுக்கு மேல போற டிரெய்லருக்குத் தனியா பிரேக் இருக்கணும்னு சட்டமே இருக்கு. நம்ம டிரெய்லர்ல பிரேக் இல்ல. நிறுத்துற வேலை முழுக்க முன்னால இருக்குற வண்டிக்குத்தான். 18 மூட்டை ஏத்தினப்ப இந்தக் கணக்கெல்லாம் நான் போட்டுப் பார்க்கல.

உன் வண்டி புதுசு. அதுல கம்ப்யூட்டர் இருக்கு, அதுல எவனையும் பத்தவைக்க விடாதே. கையேட்டை எடுத்து, எவ்வளவு எடை இழுக்கலாம்னு போட்டிருக்கான்னு பாரு. பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஒரு கணக்கும் இல்லாததுக்கு ஒரு கணக்கும் இருக்கும். எதுவும் போடலைன்னா அந்த வண்டி இழுக்குறதுக்கு இல்லன்னு எடுத்துக்க. உன் மாடலுக்குன்னே சேசிஸ் ஓட்டையில போல்ட்டுப் போடுற மாதிரி வர்ற டோ பாரை வாங்கு. இன்னொண்ணு, 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல 52-ஆம் பிரிவு இருக்கு. கம்பெனி கொடுத்த அமைப்பை நம்ம இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுங்குறதுதான் அது. வண்டிக்கு முன்னால மாட்டுற இரும்புக் கம்பியை எல்லாம் 2017 கடைசியில கழட்டச் சொன்னது அந்தப் பிரிவை வச்சுத்தான். அதே சட்டத்துல டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான், அதுக்குத் தனியா பதிவு வேணும். ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல முதல்லயே கேட்டுட்டு வேலையை ஆரம்பி. பின் விளக்கு, பிரேக் விளக்கு, திரும்புற விளக்கு எல்லாம் டிரெய்லர்லயும் எரியணும், வயரை மறந்துடாதே.

மாட்டி நூறு கிலோமீட்டர் ஓடினதும் எல்லா நட்டையும் ஒரு தடவை திரும்ப இறுக்கிப் பாரு. நட்டுக்கும் தகட்டுக்கும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு போட்டு வை. கோடு விலகினா நட்டு நகர்ந்திருக்குன்னு குனிஞ்சு பார்த்தாலே தெரிஞ்சிடும். பெயிண்டைக் கெட்டியா அடிக்காதே. விரிசல் வந்தா கண்ணுக்குத் தெரியணும்.

இந்தத் தையிலயும் அந்தக் கொக்கியிலதான் நெல்லு வீடு வந்துச்சு. ஏத்தத்துக்கு முன்னால இப்ப நான் வண்டியை நிறுத்திடுவேன். வீட்டுக்காரம்மா வந்து குனிஞ்சு, பின்னையும் சங்கிலியையும் கையால பிடிச்சு இழுத்துப் பார்ப்பா. "ம், போங்க"ன்னு சொன்னப்புறம்தான் கியரைப் போடுவேன். அடைக்கட்டை இன்னும் இருக்கு. ஆனா அதைத் தூக்கிக்கிட்டு வண்டிக்கு நேர் பின்னால யாரும் நடக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். பக்கவாட்டுலதான் வரணும்.