கேட்க வெட்கப்படாதீங்க: ஹியூஸ்டன் போகும் நம்மூர்ப் பெற்றோருக்கு



ஏப்ரல் விடுமுறைக்கு மகளைப் பார்க்க அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகருக்குப் போய் வந்தோம். வந்த நாளிலிருந்து, "என்ன பார்த்தீங்க, சாப்பாட்டுக்கு என்ன செஞ்சீங்க?" என்று பலரும் கேட்கிறார்கள். பிள்ளைகளிடம் போகக் காத்திருக்கும் பெற்றோர் நம்மூரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம். மகளும் மருமகனும் வேலைக்குப் போன பிறகு, வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ஒரு மெக்சிகன் சாப்பாட்டுக் கடைக்கு நடந்து போனோம். இறைச்சி வேண்டாம், மசித்த பீன்ஸும் சோறும் ரொட்டியும் போதும் என்று கையைக் காட்டி வாங்கினோம். ருசியாக இருந்தது. அடுத்த நாளும் போனோம். இரவு மகளிடம் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த பீன்ஸைப் பல கடைகளில் பன்றிக் கொழுப்பில்தான் சமைப்பார்கள், கோதுமை ரொட்டியிலும் சிலர் சேர்ப்பார்கள் என்று பிறகுதான் சொன்னாள்.

அன்றிரவு எங்களுக்குத் தூக்கமில்லை. தெரியாமல் நடந்ததை அல்லாஹ் மன்னிப்பான். ஆனால் கேட்டிருந்தால் தெரிந்திருக்குமே! எங்கள் ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரிப்பார்களோ என்று கேட்காமல் விட்டோம். "விளங்காட்டி கையை உயர்த்திக் கேளுங்க" என்று வகுப்பில் தினமும் சொல்கிறவர்கள் நாங்கள்.

ஆகவே மூன்று சொற்களைப் பாடமாக்கிக்கொண்டு போங்கள்: போர்க், பேக்கன், லார்ட். மூன்றாவதுதான் நாங்கள் அறியாதது; பன்றிக் கொழுப்புக்கு அதுதான் பெயர். அதன் பிறகு ஒவ்வொரு கடையிலும் கேட்டோம். ஒருவரும் சிரிக்கவில்லை. ஓரிடத்தில் பரிமாறிய பிள்ளை உள்ளே போய் எண்ணெய்ப் போத்தலையே கொண்டுவந்து காட்டியது.

டெக்ஸாஸின் பெருமை, மணிக்கணக்காகப் புகையில் வேகவைக்கும் மாட்டு நெஞ்சிறைச்சி. மாடுதானே என்று போய்விடாதீர்கள். சாதாரணக் கடைகளில் அது ஹலாலாக அறுத்ததல்ல. பன்றி இறைச்சியும் அதே அடுப்பில் வேகலாம். ஹலால் பார்பிகியூ கடைகளும் அந்த நகரில் உண்டு, தேடிப் போங்கள். ஹில்க்ரொஃப்ட் வீதிப் பக்கம் பாகிஸ்தான், இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் நிறைய. பிரியாணியும் நிஹாரியும் கிடைக்கும். அங்கேயும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பில் விடயம்: விலைப் பட்டியலில் உள்ளது முழு விலையல்ல. 8.25 சதவீத வரி சேரும். மேசைக்குக் கொண்டுவந்து பரிமாறினால் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வைப்பது வழக்கம். 20 டொலர் சாப்பாடு 25ஐத் தாண்டிவிடும். ஆனால் ஒரு தட்டு எங்கள் இருவருக்கும் போதும். மிச்சத்தைப் பெட்டியில் கட்டித் தருவார்கள், அதிலும் வெட்கமில்லை.

பிள்ளைகள் வேலையில் இருக்கும் நாட்களில் வீட்டில் அடைந்து கிடக்காதீர்கள். கார் இல்லாமல் கஷ்டமான நகரம்தான். ஆனாலும் சிவப்புப் பாதை ரயிலில் 1.25 டொலருக்கு நகர மையத்திலிருந்து நூதனசாலைகள் பகுதிக்கும் ஹேர்மன் பூங்காவுக்கும் போகலாம். மெனில் ஓவியக் கூடத்துக்கு அனுமதி இலவசம். திங்களும் செவ்வாயும் மூடியிருக்கும். மாலையில் வோ வீதிப் பாலத்தடிக்குப் போங்கள். சூரியன் மறையும் நேரம் இலட்சக்கணக்கான வௌவால்கள் புகை போலக் கிளம்பும். அதற்கும் காசில்லை.

விண்வெளி நிலையத்தை விடுமுறை நாளில் பிள்ளைகளோடு பாருங்கள். நகரத்திலிருந்து 40 கிலோமீற்றர், ஒரு முழு நாள் வேண்டும். 363 அடி நீள சற்றேர்ன் 5 ரொக்கெட் படுத்துக் கிடக்கிறது. சந்திரப் பயணத்தை வழிநடத்திய அறையை 2019இல் பழையபடி திருத்தியிருக்கிறார்கள், மேசைகளில் சாம்பல் கிண்ணங்கள் உட்பட. அந்த அறைக்குத் தனிக் கட்டணம்.

ஜும்ஆவுக்கு நகர மையத்துக்குப் போனோம். 1928இல் கட்டிய பெரிய தூண்கள் கொண்ட வங்கிக் கட்டடம் அது. கூடைப்பந்து வீரர் ஹக்கீம் ஒலாஜுவோன் 1994இல் அதை வாங்கினார், இன்று பள்ளிவாசல். நோன்பு பிடித்துக்கொண்டே போட்டிகளில் ஆடியவர் அவர். அத்தனை ஆயிரம் பேர் பார்க்க அவர் வெட்கப்படவில்லை. ஒரு தட்டு பீன்ஸைப் பற்றிக் கேட்க நாங்கள் வெட்கப்பட்டோம்.

தொழுகை முடிந்ததும் பக்கத்தில் நின்ற சகோதரரிடம் எங்கள் உடைந்த ஆங்கிலத்திலேயே, நல்ல ஹலால் சாப்பாடு எங்கே என்று கேட்டோம். மூன்று கடைகளின் பெயரைத் துண்டில் எழுதித் தந்தார்.

போக இருப்பவர்கள் கொமென்டில் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ்.