கியர் உள்ள வண்டி

அண்ணன் மஸ்கட்டுக்குப் போனபின் அவருடைய ஸ்பிளெண்டர் இரண்டு வருடம் மாட்டுக்கொட்டகையில் தார்ப்பாய்க்குள் நின்றது. ஓர் இரவு பிள்ளைக்குக் காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டபோது, அண்ணி அந்த வண்டியைத் தாண்டித்தான் ஆட்டோ தேடி அடுத்த தெருவுக்கு ஓடியிருக்கிறார். பிள்ளை பிழைத்துக்கொண்டான். அடுத்த முறை நான் ஊருக்குப் போனதும் அண்ணி கேட்டார்: "எனக்கு இதை ஓட்டச் சொல்லிக்குடு."

கடன் வாங்கியாவது ஒரு ஸ்கூட்டி எடுக்கலாமே என்றார்கள் வீட்டில். பொம்பளைக்கு பைக் கனமாம். பெண்கள் ஓட்டும் ஸ்கூட்டருக்கும் இந்த வண்டிக்கும் எடை ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டுமே 110 கிலோவை ஒட்டி வரும் என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை.

அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. 1992இல் புதுக்கோட்டை மாவட்டம் முழுக்க அறிவொளி இயக்கத்தில் பெண்கள் சைக்கிள் பழகியபோது அம்மாவும் பழகினாள். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காமல் பலர் ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். அம்மா ஏறியதும் அப்பாவுடைய சைக்கிள்தான். அதன் பாரில் துண்டைச் சுற்றி உட்காரவைக்கப்பட்ட நாலு வயதுப் பிள்ளை நான்.

தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் விடிகாலையில் போனோம். முதல் நாள் ஓட்டவே இல்லை. வண்டியை மெதுவாகச் சாய்த்துப் படுக்கவைத்துத் தூக்கிப் பழகினோம். வலப்பக்கம் விழுந்தால் முதலில் ஸ்டாண்டைத் தள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் நிமிர்த்திய வேகத்தில் மறுபக்கம் சாயும். கியரில் இருந்தால் உருளாது. வண்டிக்கு முதுகைக் காட்டிக் குத்தவைத்து, ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை பின்கம்பியில், காலால் உந்தி எழ வேண்டும். தண்ணிக்குடம் தூக்கிய இடுப்புக்கு இதெல்லாம் பெரிதில்லை. மூன்றாவது தடவை அண்ணி தனியாகவே நிமிர்த்திவிட்டார்.

கிளட்ச்தான் படுத்தியது. பட்டென்று விடுவார், வண்டி ஒரு குதி குதித்து அணையும். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. ஒரு கட்டத்தில் "கிளட்ச்! கிளட்ச்சைப் பிடிங்கண்ணி! கண்ணு எங்க இருக்கு?" என்று கத்திவிட்டேன். அண்ணி சாவியைத் திருப்பி அணைத்தார். இறங்கவில்லை. "உங்கண்ணன் மாதிரியே கத்துற. இதுக்குத்தான் நான் அவுககிட்ட கத்துக்கல."

எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் அண்ணன்தான். பின்சீட்டில் உட்கார்ந்து, என் கைக்கு மேல் கைவைத்து, காதுக்குள் கத்தி. அந்தக் குரலோடு சேர்த்தே பழகியிருக்கிறேன் போல. அதன்பிறகு நான் கரைமேல் போய் உட்கார்ந்துகொண்டேன். ஆக்ஸிலேட்டரைத் தொடவே வேண்டாம், முதல் கியரைப் போட்டுக் கிளட்ச்சை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், வண்டி முனகும் இடத்தில் நிறுத்திப் பிடியுங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தேன். நெடுநேரம் கழித்து அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "கிணத்துல வாளியை விடுறாப்புலதானே? கயித்தைச் சட்டுனு விட்டா கையை அறுத்துடும்." வண்டி நகர்ந்தது. நானாக இருந்தால் அப்படி விளக்கியிருக்க மாட்டேன்.

(அந்த வண்டியில் பெண்களை நினைத்துச் செய்த பாகம் ஒன்று உண்டு. சேலை சக்கரத்தில் சிக்காமலிருக்க வைத்த கம்பித் தடுப்பு. அதுவும் பின்னால் உட்காருகிறவளுக்கு.)

எல்.எல்.ஆருக்கு விண்ணப்பித்துக் கொடுத்தவர், கேட்காமலே 'கியர் இல்லாதது' என்று போடப் போனார். கியர் உள்ளதற்கு உரிமம் எடுத்தால் ஸ்கூட்டரும் ஓட்டலாம். இல்லாததற்கு எடுத்தால் பைக்கைத் தொட முடியாது. தொகை ஏறக்குறைய அதேதான். அண்ணி மாற்றிப் போடச் சொன்னார். எட்டுப் போடும்போது ஒரு தடவை கால் ஊன்றியதால் திருப்பி அனுப்பினார்கள், இரண்டாம் முறை கிடைத்தது.

இப்போது பால் கேனைக் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போகிறார், பிள்ளையைப் பள்ளியில் விடுகிறார். போன தை மாதம் அண்ணன் லீவில் வந்திருந்தபோது போயிருந்தேன். சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது. அண்ணி பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து கோயிலுக்குப் போனார். எனக்குப் பொறுக்கவில்லை. ஏன் அண்ணி என்றேன்.

"அவுக வந்திருக்காகள்ல" என்றார்.

அண்ணன் போன மறுநாள் போன் செய்தேன். எடுத்தது பிள்ளை. அம்மா வண்டியில் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள், அப்பா உயரத்துக்கு மாற்றிவைத்துவிட்டுப் போய்விட்டார் என்றான்.