மாமாவின் கேம் போர்டும் ஒரு கெட்ட ஐசியும்

(11ஆம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு மாணவன் எழுதியது)

ராம், ரோம், ஈப்ராம்னு புத்தகத்துல படிச்சு, ரெண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் பண்ணி எழுதுறோம் இல்லையா? அந்த ராம் கெட்டுப்போனா எப்படி இருக்கும்னு கண்ணால பார்த்திருக்கீங்களா? இந்த வருஷம் எனக்கு அந்த வாய்ப்பு கிடைத்தது.

என் தாய்மாமா 1990களின் கடைசியில் திருமங்கலத்தில் வீடியோ கேம் பார்லர் வைத்திருந்தார். 'முஸ்தபா' கேமுக்குத்தான் அங்கே கூட்டம் அலைமோதுமாம். அந்தக் கேமின் உண்மையான பெயர் 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்'. ஜப்பானின் கேப்காம் கம்பெனி 1993ல் வெளியிட்டது. அதில் விளையாட நாலு பேர் உண்டு. ஆனால் நம்ம ஊரில் முஸ்தபா பெயர் மட்டும்தான் நின்றது. பாவம் மற்ற மூணு பேர்!

வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்ததும் பார்லரை மூடிவிட்டு, டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் ரிப்பேர் கடை போட்டார். மிஞ்சியது பரணில் கிடந்த ஒரு பக்மேன் போர்டும் ஒரு பழைய மானிட்டரும். பக்மேன் 1980ல் வந்தது. உருவாக்கியவர் நாம்கோ கம்பெனியின் தோரு இவாதானி. இந்தக் கேமுக்கு மொத்த ராமே 3 கேபிதான். 4 ஜிபி ராம் உள்ள போன் இதைவிட ஏறத்தாழ 14 லட்சம் மடங்கு பெரிசு. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்!

சித்திரைத் திருவிழாவுக்கு முன்னாடி கடையைக் காலி பண்ண வேண்டிய நிலை. மாமாவுக்குச் சர்க்கரை வியாதி, கண்ணில் லேசர் வைத்தும் ஐசியின் கால்கள் அவருக்குத் தெரிவதில்லை. "ஓடுனா வச்சுக்குவோம், ஓடலைனா பழைய சாமான் கடைக்கு" என்று அத்தை சொல்லிவிட்டார். மாமா என்னைக் கூப்பிட்டு, "மாப்ள, நீ பார்த்துச் சொல்லு, நான் யோசிக்கிறேன்" என்றார்.

முதலில் மெமரியையே தொட விடவில்லை. "சோறு போட்டிருக்கான்னு பாருடா முதல்ல" என்றார். சோறு என்றால் 5 வோல்ட். மீட்டரில் 4.6 காட்டியது. கரண்ட் குறைந்தால் நல்ல ஐசியும் கெட்டது மாதிரி நடிக்குமாம். கனெக்டரில் கறுப்பு ஏறியிருந்தது. பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்ததும் 5.0 வந்தது. ஈப்ராம் ஐசியின் கண்ணாடி மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்றும் கேட்டார். நேர் வெயிலில் ஒரு வாரம் கிடந்தாலே உள்ளே எழுதியது அழிந்துபோகும். நம்ம மதுரை வெயிலைச் சொல்லவா வேணும்?

போர்டு ஓடியது. கால் மணி நேரம் நன்றாகவே ஓடியது. அப்புறம் சுவர்க்கோடுகள் அங்கங்கே உடைந்தன. மேலே 'ஹை ஸ்கோர்' என்ற ஆங்கில எழுத்துகள் மாறிப்போயின. 'ஐ' இருந்த இடத்தில் 'ஹெச்', 'ஜி'க்குப் பதில் 'எஃப்', 'எஸ்'ஸுக்குப் பதில் 'ஆர்', 'சி'க்கு 'பி', 'ஓ'வுக்கு 'என்', கடைசி 'ஈ'க்கு 'டி'. ஆனால் 'ஹெச்'சும் 'ஆர்'ரும் மட்டும் மாறவே இல்லை!

ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னேன். மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "எழுத்து உடைஞ்சிருக்கா, முழுசா இருக்கா?" என்றார். முழுசாகத்தான் இருந்தது. "அப்ப எழுத்து வடிவம் வச்சிருக்கிற ரோம் நல்லாருக்கு. எந்த எழுத்துங்கிற நம்பர்தான் தப்பா வருது. நம்பரைப் போடு."

போட்டேன். 'ஐ' ஒன்பதாவது எழுத்து, பைனரியில் 1001. 'ஹெச்' எட்டாவது, 1000. 'சி' 3, 'பி' 2. 'எஸ்' 19, 'ஆர்' 18. ஒற்றைப்படை எழுத்தெல்லாம் ஒன்று குறைகிறது, இரட்டைப்படை அப்படியே நிற்கிறது. அதாவது கடைசி பிட் எப்போதும் 0! வகுப்பில் போட்ட பைனரிக் கணக்கு டிவி மாதிரி கண் முன்னால் ஓடியபோது எனக்குப் புல்லரித்துவிட்டது.

இந்தப் போர்டில் இருப்பது 2114 என்ற ராம் ஐசி. 18 கால். 1024 இடம், ஒவ்வொரு இடத்திலும் 4 பிட். ஒரு பைட்டுக்கு ரெண்டு ஐசி ஜோடி சேர வேண்டும். கடைசி பிட் என்றால் கீழ் நாலு பிட்டை வைத்திருக்கிற ஐசி. சந்தேகம் பாதியாகக் குறைந்தது. ஆனால் டேட்டா போகிற வழியில் உள்ள பஃபர் ஐசியும் இதே கோளாறைக் காட்டும் என்றார் மாமா. பேப்பரைக் குழாயாகச் சுருட்டி, அடுப்பு ஊதுகிற மாதிரி ஒவ்வொரு ஐசி மேலும் ஊதச் சொன்னார். பஃபர் மேல் ஊதினேன், ஒன்றும் ஆகவில்லை. ராம் மேல் ஊதினேன். கொஞ்ச நேரத்தில் 'ஹெச்' மறுபடி 'ஐ' ஆனது! நிறுத்தினால் திரும்பக் கெட்டது. உள்ளே எழுதியது அழியவில்லை, சூடானால் வாசிக்கும்போதுதான் தப்பாக வருகிறது.

வேறு மாதிரிக் கோளாறும் உண்டாம். மீனாட்சி கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வீதிகள் இருக்கே, மேலமாசி வீதிக்குப் போட்ட கடிதம் மேல ஆவணி மூல வீதிக்குப் போனால் அது அட்ரஸ் கோளாறு. நம்மது, வீடு சரி, கடிதத்தில் ஒரு எழுத்து மட்டும் அழிந்த கேஸ். அதனால்தான் எல்லா இடத்திலும் 0 எழுதி, 1 எழுதிப் பார்ப்பது மட்டும் போதாது, இடத்துக்கு இடம் வேறு வேறு எண் எழுதிப் பார்க்கணும்.

ஐசியைக் கழற்றுவதுதான் பயமாக இருந்தது. "செத்த ஐசிக்கு இரக்கப்படாத, ட்ராக்கைக் காப்பாத்து" என்றார். காலை எல்லாம் கட்டரால் வெட்டிவிட்டு, ஒவ்வொரு துண்டாகச் சூடு காட்டி எடுத்தேன். சக்கரால் ஈயத்தை உறிஞ்சி, ஐசி பேஸ் வைத்து, வேறொரு செத்த போர்டிலிருந்த 2114ஐச் செருகினேன். பற்றவைத்த இடத்தை எல்லாம் மாமா விரல் நுனியால் தடவிப் பார்த்து, "ஏழாவது கால்ல ஈயம் கம்மி" என்றார். லென்ஸ் வைத்துப் பார்த்தேன், ஆமாம்!

டெஸ்ட் சுவிட்சைப் போட்டதும் 'மெமரி ஓகே' என்று வந்தது. மாமா நம்பவில்லை. மூணு மணி நேரம் ஓட விட்டு, கால் மணிக்கு ஒருதரம் 'ஹை ஸ்கோர்' எழுத்தை வாசிக்கச் சொன்னார். அதன் பிறகுதான் டீ வாங்கி வரச் சொன்னார்.

கடை போன மாதம் காலியாகிவிட்டது. போர்டும் மானிட்டரும் இப்போ எங்க வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கு. சவுண்டில் இன்னும் ஒரு கரகரப்பு இருக்கு, கெப்பாசிட்டராக இருக்கும் என்கிறார் மாமா. பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் வரலாம். டோக்கன் வேண்டாம்!